வாய்ச்சொல்லும் உயிலும்: உப்பளக் கரையிலிருந்து சில குறிப்புகள்

1

'உயில்' என்பதைத் தமிழ்ச் சொல் என்றே வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். அனுமந்தையில் எங்கள் அப்பாவுக்கும் அதே நம்பிக்கைதான். 'உயிர் போறதுக்கு முன்னால எழுதுறது உயிலு, இதுல என்னா சந்தேகம்' என்பார். ஆங்கிலத்து 'வில்' நம் வாயில் புரண்டு உயிலாயிற்று என்று பின்னாளில் தெரிந்தபோது ஏமாற்றமாக இருந்தது. யோசித்துப் பார்த்தால் இது வெறும் சொல்லாராய்ச்சி விவகாரம் இல்லை. ஒரு காரியத்துக்கு ஒரு சமூகம் வெளியிலிருந்து சொல்லைக் கடன் வாங்குகிறது என்றால், அந்தக் காரியம் அதற்கு முன்பு இங்கே வேறு பெயரில், வேறு முறையில் நடந்துகொண்டிருந்தது என்று அர்த்தம். எங்கள் பக்கம் அதன் பெயர் 'சொல்லிட்டுப் போறது'.

அப்பா 2009 மாசியில் செத்துப்போனார். நாற்பது வருஷம் மரக்காணம் உப்பளத்தில் பாத்தி மிதித்து உப்பு வாரிய கால்கள். ஆஸ்பத்திரியில் 'வீட்டுக்குக் கொண்டு போயிடுங்க' என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் மூன்று நாள் பேச்சு இருந்தது. இரண்டாம் நாள் சாயங்காலம் பங்காளிகள் இரண்டு பேர், பக்கத்து வீட்டு ஆயா, பிள்ளைகள் நாங்கள் மூன்று பேர் சுற்றியிருக்க அவர் சொன்னார்: 'ரோட்டோரக் கொல்லையில கெணத்துப் பக்கம் நாலு சென்ட்டு பெரிய பொண்ணுக்கு. அவ உப்பு வாரின காசும் அதுல இருக்குது. மீதிய நீங்க ரெண்டு பேரும் பாத்துக்குங்க.' அம்மா முன்பே போய்விட்டாள்.

கொல்லை வாங்கிய காலத்தில் அது முள்ளும் மணலும்தான். 2002இல் கிழக்குக் கடற்கரைச் சாலை சுங்கச் சாலையானது, அனுமந்தையிலேயே சுங்கச்சாவடி வந்தது. மணலுக்கு விலை வந்துவிட்டது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம் அக்கா விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாள். போட வைத்தோம் என்று எழுதுவதுதான் சரி. 'அப்பா சொன்னாரேடா' என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். தம்பி என் முகத்தைப் பார்த்தான். படித்தவன் நான்தானே. 'வாய்ச்சொல்லுக்குச் சட்டத்துல எடம் கெடையாதுக்கா' என்றேன். அந்த வருஷம்தான் பெண்களுக்குச் சொத்துரிமை பற்றி ஒரு கூட்டத்தில் நான் முக்கால் மணி நேரம் பேசியிருந்தேன்.

நான் சொன்ன அந்த ஒற்றை வாக்கியத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அந்த வாக்கியம் எப்போதிலிருந்து உண்மையானது, யாரால் உண்மையாக்கப்பட்டது, அதனால் ஆதாயம் அடைந்தவர்கள் யார் என்று தேடியதன் விளைவே இக்குறிப்புகள்.

2

சாவுக்கு அப்பாலும் தன் விருப்பம் செல்லுபடியாக வேண்டும் என்கிற ஆசை ஆங்கிலேயன் கொண்டுவந்தது அல்ல. சோழர் காலத்துக் கோயில் கல்வெட்டுகளில் நந்தா விளக்குக்கு ஆடு விடும் செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. தொண்ணூறோ தொண்ணூற்றாறோ ஆடுகள். அவற்றுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். சாகவும் சாகாது, மூப்பும் அடையாது. ஆடு செத்தால் இடையன் குட்டியை வைத்து எண்ணிக்கையைச் சரிக்கட்ட வேண்டும்; விளக்கு சந்திர சூரியர் உள்ளவரை எரிய வேண்டும். கொடுத்தவனின் பெயர் கல்லில் நிற்கிறது. இடையனின் பிள்ளையும் பேரனும் அந்த எண்ணிக்கையில் மாட்டிக்கொள்கிறார்கள். ஆண்டைகளின் முன்னேற்பாடு என்பது பெரும்பாலும் மற்றவர்களின் நாளைக்கும் சேர்த்துப் போடப்படும் ஏற்பாடாகவே இருந்திருக்கிறது.

குடும்பச் சொத்துக்கோ மிதாட்சரம் வேறு கணக்கு வைத்திருந்தது. பரம்பரைச் சொத்தில் மகன் பிறக்கும்போதே பங்காளி. ஆகவே சாகிறவன் 'இது இன்னாருக்கு' என்று சொல்ல அவன் கையில் அதிகம் இல்லை. தர்மசாஸ்திரத்தில் உயில் என்று தனியாக ஒன்று வளராமல் போனதற்கு இது ஒரு முக்கியமான காரணம். ஆண்வழிப் பங்காளிகளின் கூட்டு அங்கே தனிமனித விருப்பத்தை விழுங்கிவிடுகிறது. அந்தக் கூட்டுக்குள் பெண் இல்லை.

எங்கள் ஊருக்குத் தெற்கே, ஒரு முற்பகலில் நடந்து போய்விடக்கூடிய தூரத்தில், நடந்த ஒரு வழக்கு இதைத் துலக்கமாகக் காட்டுகிறது. புதுச்சேரியில் பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் துபாஷியாக இருந்தவர் கனகராய முதலியார். கிறிஸ்தவர். ஒரே மகன் வேலவேந்திரன் 1739இல் இளம் வயதில் இறந்துபோனான். மகன் நினைவாக ஒழுகரையில் அவர் கட்டிய மாதாகோயில் 1745இல் திறக்கப்பட்டது. மறுவருஷத் தொடக்கத்தில் அவரும் இறந்தார். சொத்து யாருக்கு? ஒரு பக்கம் மனைவியும் விதவை மருமகளும், மறு பக்கம் தம்பி. அந்தப் பதவி தனக்கு வருமா என்று காத்திருந்த ஆனந்தரங்கப் பிள்ளை இதையெல்லாம் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். அதனால்தான் நமக்கு இது தெரிகிறது.

இறந்தவர் கிறிஸ்தவர், பிரெஞ்சுக்காரர்களின் ஆள், அவர்களுடைய கோயிலுக்குப் போனவர். பிறகு எந்தச் சட்டம்? துய்ப்ளேக்ஸ் ஆட்சியில் விவகாரம் சாதித் தலைவர்களின் அபிப்பிராயத்துக்குப் போனது. தமிழர் வழக்கப்படி தம்பியே வாரிசு. பெண்களுக்குச் சோறும் துணியும் என்கிற பராமரிப்பு. ஞானஸ்நானம் ஆத்துமாவை மாற்றியது, சொத்தை மாற்றவில்லை. நாட்குறிப்பில் துபாஷி பேசுகிறார், கவர்னர் பேசுகிறார், சாதிப் பெரியதனக்காரர்கள் பேசுகிறார்கள். பிள்ளையையும் புருஷனையும் புதைத்துவிட்டு வீட்டுக்குள் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்களுடைய மனசு நமக்கு எட்டுவதில்லை. வரலாற்றுப் பிரதிகளின் மௌனம் என்று நாம் கூட்டங்களில் பேசுவது இதைத்தான்.

இதே பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்சில் என்ன நடந்தது என்பதை மிஷெல் வொவெல் ப்ரொவான்ஸ் பகுதியின் உயில்களை ஆயிரக்கணக்கில் படித்துக் காட்டினார் (1973). அதுவரை அங்கே உயில் ஒரு பக்திப் பத்திரம். எத்தனை பூசை, எத்தனை மெழுகுவர்த்தி, எங்கே கல்லறை, ஏழைகளுக்கு எவ்வளவு என்று ஆன்மாவின் பயணத்துக்கான கட்டுச்சோறு அது. அந்த நூற்றாண்டின் பிற்பாதியில் பக்தி வாசகங்கள் மெல்ல உதிர்கின்றன. உயில் சொத்துப் பங்கீட்டுக் காகிதமாக இளைக்கிறது. நம் கரைக்கு உயில் வந்து சேர்ந்தபோது அது இப்படி இளைத்த உயில்தான்.

3

இனி ஆங்கிலேயன் சட்டத்துக்கு வருவோம். சென்னைப் பட்டணத்து வணிகர்களும் துபாஷிகளும் வெள்ளைக்காரனைப் பார்த்து உயில் எழுதத் தொடங்கினார்கள். கம்பெனிக்குக் குழப்பம். 1829ஆம் வருஷத்து ஐந்தாம் ரெகுலேஷன், சென்னை மாகாணத்து வெளிமாவட்டங்களில் இந்துக்களின் உயில் இந்து சட்டத்தோடு முரண்பட்டால் செல்லாது என்றது. 1860களில் புதிய உயர்நீதிமன்றம் இறங்கிவந்து, தனக்கு முழு உரிமையுள்ள சொத்தை ஓர் இந்து உயில் மூலம் கொடுக்கலாம் என்று ஏற்றது. 1870இல் இந்து உயில் சட்டம் வந்தது. எழுத்து, கையெழுத்து, இரண்டு சாட்சி என்பன அதன் நிபந்தனைகள். ஆனால் தென்னிந்தியாவில் அது சென்னை நகரத்துக்கு மட்டும்தான்.

நான் தேடிக்கொண்டிருந்தது இங்கே கிடைத்தது. நகரத்துக்கு வெளியே, அன்றைய தென்னாற்காடு ஜில்லாவின் அனுமந்தை போன்ற ஊர்களில், ஓர் இந்துவின் வாய்மொழி உயில் சட்டப்படி செல்லும். எழுத்து வேண்டாம், கைநாட்டு வேண்டாம். சொன்னார் என்பதை நம்பும்படி நிரூபித்தால் போதும். 1925ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டமும் அதன் திருத்தங்களும் இதை முடித்துவைத்தன. 1927 ஜனவரி 1ஆம் தேதியிலிருந்து இந்துக்கள் எங்கே உயில் செய்தாலும் எழுத்தும் இரண்டு சாட்சியும் கட்டாயம். என் அப்பா 1926இல் செத்திருந்தால் அவர் சொன்ன நாலு சென்ட்டு சட்டப்படியே அக்காவுடையது. ஒரு தேதிக்கு இந்தப் பக்கம் வாக்கு. அந்தப் பக்கம் வெறும் பேச்சு.

எழுத்து வந்ததில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். சாகிறவன் காதோரம் உட்கார்ந்தவன் பொய் சொல்ல முடியும். பொய்ச்சாட்சி ஊருக்கு ஊர் இருந்தது. ஆனால் எழுத்து யார் கையில் இருந்தது என்ற கேள்வியைச் சட்டம் கேட்கவில்லை. கர்ணமும் பத்திர எழுத்தரும் எந்தச் சாதி, கைநாட்டு வைத்தவர்கள் எந்தச் சாதி என்பதை இந்தக் கரையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வாய்ச்சொல்லுக்குச் சாட்சி நின்றவர்கள் தெருக்காரர்கள். பத்திரத்துக்குச் சாட்சி நிற்பவன் பத்திர ஆபீசில் காத்திருப்பவன்.

இதில் ஒரு விநோதமும் உண்டு. அதே சட்டம் போர்முனையில் நிற்கும் சிப்பாய்க்கும் கடலில் இருக்கும் மாலுமிக்கும் வாய்ச்சொல்லாக உயில் செய்யும் சலுகையைத் தருகிறது. அந்தப் பிரிவுகள் இந்துக்களுக்குப் பொருந்தாது. இஸ்லாமியச் சட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை வாய்மொழியாகவே கொடுக்கலாம். ஆக, காற்றில் சிக்கிய படகிலிருந்து ஒருவன் கூவிச் சொன்ன கடைசி வார்த்தை செல்லுமா என்பது அவன் எந்தச் சாமியைக் கும்பிட்டான் என்பதைப் பொறுத்தது.

எங்கள் ஊரிலிருந்து தெற்கே கூனிமேடு, கீழ்ப்புத்துப்பட்டு தாண்டினால் கனகசெட்டிக்குளம். அங்கிருந்து புதுச்சேரி. கடல் ஒன்றுதான், காற்று ஒன்றுதான், சாவுக்கு அடிக்கும் பறை ஒன்றுதான். 1819இல் பிரெஞ்சுச் சட்டம் அங்கே பிரகடனமானபோது, இந்தியர்கள் அவரவர் சாதி வழக்கப்படியே விசாரிக்கப்படுவார்கள் என்று ஒதுக்கிவைத்தார்கள். அந்த 'வழக்கம்' என்னவென்று எடுத்துச்சொல்ல 1827இல் ஒரு ஆலோசனைக் கமிட்டியும் ஏற்பட்டது. அங்கே கட்டமைக்கப்பட்ட இந்து வழக்கச் சட்டத்தில் அப்பன் உயிரோடிருக்கும்வரை சொத்து முழுக்க அவனுடையது. மகனுக்குப் பிறப்புரிமை இல்லை. எல்லைக்கு வடக்கே மகன் பிறக்கும்போதே பங்காளி, தெற்கே அப்பன் சாகும்வரை காத்திருப்பவன். தொன்றுதொட்ட இந்து தர்மம் என்று இரண்டு அரசுகளும் இரண்டு விதமாகச் சத்தியம் செய்தன. 1881இல் ஒரு ஆணை, விரும்புகிறவர்கள் தங்கள் சாதிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வரலாம் என்றது. அப்படித் துறந்தவர்களின் வாரிசுகளுக்கு இன்றும் அந்தச் சட்டம் பேசுகிறது. மரபு என்பது எவ்வளவு தூரம் ஆபீசில் செய்யப்பட்ட பண்டம் என்பதற்கு இதைவிட அருகில் எனக்கு உதாரணம் இல்லை.

கதைசொல்லியைப் பற்றிய தன் 1936ஆம் வருஷத்துக் கட்டுரையில் வால்டர் பெஞ்சமின், கதை சொல்கிறவனுக்கு அதிகாரம் வருவது மரணத்திடமிருந்து என்கிறார். மிக ஏழையானவனுக்கும் சாகும் தறுவாயில் சுற்றியிருப்பவர்கள் நடுவில் ஓர் அதிகாரம் கூடிவருகிறது. நவீன சமூகம் சாவை வீட்டிலிருந்து அப்புறப்படுத்தியபோது அந்த அதிகாரமும் போயிற்று என்பது அவர் கவலை. எங்கள் கரையில் அது இரண்டு தவணையில் போனது. 1927இல் சட்டம் வாய்ச்சொல்லிலிருந்து உரிமையை எடுத்துக்கொண்டது. பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவு, தொண்டையில் குழாய் போட்டு, சொல்லையே எடுத்துக்கொண்டது.

4

முன்கூட்டித் திட்டமிடுங்கள், உயில் எழுதுங்கள், காப்பீடு எடுங்கள் என்று வங்கிகளும் காப்பீட்டுக் கம்பெனிகளும் இப்போது ஓயாமல் போதிக்கின்றன. சிக்கனம், விவேகம், பொறுப்புள்ள குடும்பத்தலைவன். இந்தச் சொல்லாடலுக்குள் நுழைய முதலில் சொத்து என்று ஒன்று வேண்டும். உப்பளத்தில் என்ன இருக்கிறது?

1805இல் சென்னை மாகாணத்தில் உப்பு கம்பெனியின் ஏகபோகமானது. பிரெஞ்சுப் பகுதி உப்பு இடைஞ்சலாக இருந்ததால் 1815இல் ஓர் ஒப்பந்தம், 1818இல் இன்னொன்று. இரண்டாவதன்படி புதுச்சேரி, காரைக்கால் உப்பளங்கள் மூடப்பட்டன. உப்பளச் சொந்தக்காரர்களுக்கு ஈடாக ஆண்டுக்கு 4000 வராகன். செத்துப்போன உப்பளத்திலிருந்தும் அதன் சொந்தக்காரனுக்கு வருமானம் வந்தது. பாத்தியில் நின்றவனுக்கு அந்த ஒப்பந்தத்தில் ஒரு வரி இல்லை. சுதந்திரத்துக்குப் பிறகும் மரக்காணத்தின் உப்பு நிலத்தில் பெரும்பகுதி மத்திய அரசினுடையது, குத்தகைக்குப் போவது. குத்தகைதாரருக்குக் கீழே கூலி. மழைக்காலத்தில் வேலை இல்லை, கைமாற்றும் முன்பணமும்தான். அப்பன் வாங்கிய முன்பணத்தை மகன் உழைத்துக் கழித்த வீடுகள் எங்கள் தெருவில் உண்டு. உயில் எழுதாமலே, சாட்சிக் கையெழுத்து இல்லாமலே, தவறாமல் இறங்கிவரும் ஒரே சொத்து கடன்.

ஏழையின் சாவை அரசு எப்போது கவனிக்கிறது? கூட்டமாகச் செத்தால் கவனிக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியும் 2023 மே மாதம் எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயமும் அப்படிப்பட்டவை. நிவாரணம் அறிவிக்கப்பட்டதும் கேள்வி எழுகிறது: வாரிசு யார்? கல்யாணம் பதிவாகவில்லை, ரேஷன் கார்டில் ஒரு பெயர், வாக்காளர் அட்டையில் வேறு பெயர். கடலில் போய் உடல் கிடைக்காதவனோ ஏழு வருஷம் செய்தி இல்லாமல் இருந்தால்தான் செத்தவன் என்று 1872ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டம் அனுமானிக்கும். 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்திலும் அந்த ஏழு வருஷம் தொடர்கிறது. அது வரை அவன் மனைவி பாதி விதவை. இவர்களிடம் போய் முன்னேற்பாட்டின் அவசியத்தைப் போதிக்கிறவர், முதலில் வாரிசுச் சான்றிதழுக்கு ஒரு நாள் வரிசையில் நின்று பார்க்க வேண்டும்.

5

பெண்களிடம் வருகிறேன். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தது இதைத்தான்.

இந்தக் கரைக்கு வடக்கே செங்கல்பட்டில் 1929 பிப்ரவரியில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெண்ணுக்கு ஆணுக்குச் சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 1937இல் விதவைக்கு வாழ்நாள் உரிமை மட்டும் கிடைத்தது. இந்து சட்டத் தொகுப்பு மசோதா முடங்கியபோது 1951இல் அம்பேத்கர் மந்திரிப் பதவியை விட்டார். 1956இல் மகளும் மனைவியும் முதல்நிலை வாரிசுகள் ஆனார்கள். 1989இல் தமிழ்நாடு பரம்பரைச் சொத்திலும் மகளுக்குப் பிறப்புரிமை தந்தது, அதற்கு முன் கல்யாணமானவர்களை விட்டுவிட்டு. 2005இல் மத்தியச் சட்டம் அந்த விலக்கையும் நீக்கியது. 2020இல் உச்ச நீதிமன்றம், 2005இல் அப்பா உயிரோடிருந்தாரா இல்லையா என்று பார்க்க வேண்டியதில்லை என்று சந்தேகம் தீர்த்தது.

எழுபத்தைந்து வருஷத்துக்கும் மேலான இந்தப் போராட்டம் முழுவதையும் ஒரு விடுதலைப் பத்திரம் அரை மணி நேரத்தில் கழுவிவிடுகிறது. 'மனமுவந்து' என்று அதில் எழுதியிருக்கும். சீர் செய்தாயிற்று, தாய்மாமன் முறை இருக்கிறது, நாளைக்குப் பிறந்த வீடு என்று வந்து நிற்க வேண்டாமா என்கிற பேச்செல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது.

என் கணக்கையும் நேராகவே சொல்லிவிடுகிறேன். கொல்லை பதினெட்டு சென்ட்டு. அப்பா தன் உழைப்பில் வாங்கியது. அவர் எதுவுமே சொல்லாமல் செத்திருந்தால் 1956ஆம் வருஷத்துச் சட்டப்படி மூன்று பேருக்கும் ஆளுக்கு ஆறு. அப்பா வாயால் சொன்னது நாலு. கரிசனத்தோடு சொன்ன அந்தச் சொல்லிலும் இரண்டு சென்ட்டு ஆண்பிள்ளைகளுக்குச் சாய்ந்திருந்தது. வாய்ச்சொல்லுக்கு வக்காலத்து வாங்குகிற நான் இதை மறைக்கக் கூடாது. அப்பாவின் சொல்லை மறுக்கச் சட்டத்தைக் கையில் எடுத்த நான், அதே சட்டம் அவளுக்குத் தந்த ஆறைப் பற்றி வாய் திறக்கவில்லை. வாய்ச்சொல்லும் போயிற்று, சட்டமும் போயிற்று. அவளுக்குக் கிடைத்தது ஒரு பட்டுப் புடவை.

அவளே உயில் எழுத வேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு. பிள்ளையும் புருஷனும் இல்லாத இந்துப் பெண் உயில் எழுதாமல் இறந்தால், அவள் தானாகச் சம்பாதித்ததுகூடப் புருஷன் வீட்டு வாரிசுகளுக்கே முதலில் போகும். கல்யாணமான மூன்று மாதத்தில் விதவையாகி, புகுந்த வீட்டாரால் துரத்தப்பட்டு, பிறந்த வீட்டில் படித்து வேலைக்குப் போன ஒரு பெண்ணின் சேமிப்பை, 2009இல் உச்ச நீதிமன்றம் துரத்திய வீட்டாருக்கே கொடுத்தது. பரிதாபத்தை வைத்துச் சட்டத்தை வாசிக்க முடியாது என்றது. நான் அக்காவிடம் பத்திரத்தை நீட்டிய அதே வருஷம்.

6

ஆகவே உயில் என்பது மேட்டுக்குடி விவகாரம் என்று ஒதுக்கிவிடும் நம் பழக்கத்தை விட வேண்டும் என்று தோன்றுகிறது. நானும் அப்படி ஒதுக்கியவன்தான். சொத்தே திருட்டு என்று பேசிவிட்டு, வீட்டில் அது எப்படிப் பிரிகிறது என்பதைப் பார்க்காமல் இருந்தால், அது ஏற்கனவே இருக்கிற அதிகாரத்தின் வழியில் ஓடிச் சேரும். எழுதாமல் விடுவதும் ஓர் உயில்தான். அதில் பங்காளிகள் மட்டும் பயனாளிகள்.

எழுதுவது பெரிய வித்தை இல்லை. முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். பதிவு கட்டாயமில்லை, செய்தால் பின்னால் சண்டை குறையும். கையெழுத்தோ கைநாட்டோ, இரண்டு சாட்சி முன்னால். சாட்சிக்குத் தெருக்காரர்களையே கூப்பிடலாம். 1927இல் பறிபோனதில் கொஞ்சம் அப்படித் திரும்பி வரும். தபாலாபீஸ் புத்தகத்தில் நாமினி என்று பெயர் இருந்தால் பணம் அவனுடையது என்று நினைக்க வேண்டாம். ஆயுள் காப்பீட்டு வழக்கொன்றில் 1983இலேயே உச்ச நீதிமன்றம் நாமினி வாங்கி வைத்திருப்பவன் மட்டுமே, வாரிசு அல்ல என்றது. 2015இல் காப்பீட்டில் மட்டும் பெற்றோர், துணை, பிள்ளைகளுக்கு அது மாறியது. அப்பாவின் புத்தகத்தில் இருந்தது என் பெயர். அதையும் எனதென்றே நினைத்துச் செலவழித்தேன்.

உடம்புக்கும் எழுதலாம். இனிப் பலனில்லை என்றானபின் குழாயும் எந்திரமும் வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்க 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் வழிவிட்டது. அதன் கெடுபிடிகளை 2023 ஜனவரியில் தளர்த்தி, இரண்டு சாட்சியோடு நோட்டரி அல்லது கெஜட் அதிகாரி முன் எழுதினால் போதும் என்றது. சாகும்போது நாலு பேர் நடுவில் நாலு வார்த்தை பேசிவிட்டுச் சாக விரும்புகிறவர்கள் இனி அதையும் காகிதத்தில்தான் கேட்டு வாங்க வேண்டும்.

போன வருஷம் என் பங்கிலிருந்து ஆறு சென்ட்டை அக்கா பெயருக்கு செட்டில்மெண்ட் எழுதப் பத்திர எழுத்தரிடம் போனேன். தம்பி பேசுவதை நிறுத்திவிட்டான். அக்காவிடம் நகலைக் கொடுத்தபோது அவள் எழுத்துக்கூட்டி முதல் பக்கத்தை வாசித்தாள். 'அப்பா பேரு எங்கடா இதுல?' என்றாள். முன்பத்திர விவரத்தில் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது என்று காட்டினேன். 'அது வாங்குன கதை. அவரு எனக்குக் குடுத்தாருன்னு இருக்குதா?' என்றாள். அப்படி எழுதச் சட்டத்தில் இடமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதே வாக்கியம். சொல்லவில்லை.

பத்திர எழுத்தரிடம் திரும்பிப் போய், இன்னாருடைய வாய்ச்சொல்லை நிறைவேற்றும் பொருட்டு என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். 'இதனால சட்டப்படி ஒரு பிரயோஜனமும் இல்ல சார்' என்றார். இருக்கட்டும், எழுதுங்கள் என்றேன்.